அட்டாலியில் இருந்த ஆப்பச்சட்டி

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். ஜோதிவேலா? கழுத்து அட்டையில் போட்டிருக்கிறதே, படித்துவிட்டேன். நல்ல பெயர். உங்கள் கம்பெனி பெயர்தான் வாயில் நுழையவில்லை. "சாமான் ஏற்றி இறக்கித் தரப்படும்" என்று போட்டால் போதாதா? எதற்கு இங்கிலீஷில் அவ்வளவு நீளம், அதுவும் ஒரு எழுத்துப் பிழையோடு? பரவாயில்லை, நீங்களா எழுதினீர்கள்?

என் மகன் நவநீத்தான் உங்களை வரச் சொன்னான். தெரியும். தேங்காய் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறான், வந்துவிடுவான். எது போகிறது, எது இங்கேயே இருக்கிறது என்று அவன்தான் காட்ட வேண்டும். அதுவரை நானே சுற்றிப் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்கிறீர்களா? எழுதலாம். பீரோ எங்கே ஓடப்போகிறது? முதலில் காபி குடியுங்கள். இல்லை, நான் போடவில்லை. மருமகள் போடுகிறாள்.

அந்தச் சத்தமா? டபரா விழுந்திருக்கும். கால் மணி நேரமாக ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கிறது. நான் எழுந்தேனா? எழவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் வீடு மாறுகிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று கம்பெனியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நானே சொல்கிறேன். நவநீத் சொல்லும் காரணம் ஆபீஸ் தூரம். இந்த வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டி போவதென்றால் ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாரத்தில் அவன் இரண்டு நாள் போகிறான், அவள் இரண்டு நாள் போகிறாள். மற்ற நாளெல்லாம் இரண்டு பேரும் இதே ஹாலில், ஆளுக்கொரு மூலையில், காதில் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதில் தூரம் எங்கிருந்து வந்தது?

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். "அம்மா, சரவணம்பட்டியில ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கோம்" என்றான். அஜிதா, அதான் மருமகள், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஊற்றி முடித்தேன். கரண்டியை வைத்தேன். "ஆடி பொறக்கப் போகுது கண்ணு. ஆடியில யாராச்சும் வீடு மாறுவாங்களா?" என்றேன். "சரிம்மா, ஆவணியில" என்றான். ஆடி மாதத்தில் நல்ல காரியம் கூடாது என்று யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான், இதையெல்லாம் நம்புகிற ஆளே இல்லை. அன்றைக்கு நம்பினேன்.

எனக்கென்ன, போகட்டும். சின்னஞ்சிறுசுகள். ஆனால் காரணம் என்று ஒன்று இருக்க வேண்டுமல்லவா? உட்கார்ந்து யோசித்தேன், கண்டுபிடித்துவிட்டேன். அதோ அந்தச் சாத்தின ரூம். உற்றுக் கேளுங்கள். உறுமுகிறதா? அதுதான் காரணம்.

உள்ளே இருப்பது எங்கள் வீட்டுக்காரர் சபாபதி. அவர் உறுமவில்லை, மிஷின்கள் உறுமுகின்றன. மில்லில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்தவர். மில்லை மூடினார்கள். மற்ற ஆம்பளைகள் மில்லை மூடினால் ஒரு மளிகைக்கடை வைப்பார்கள், இல்லை ரியல் எஸ்டேட் என்று அலைவார்கள். இவர் அந்த ரூமுக்குள் போய் கிளவுட் சாஃப்ட்வேர் எழுத ஆரம்பித்தார். கிளவுட் என்றால் மேகம் இல்லை தம்பி, நானும் முதலில் மேலே பார்த்தவள்தான். எங்கோ ஒரு பெரிய ஏசி கொட்டகையில் அடுக்கடுக்காக நிற்கிற கம்ப்யூட்டர்கள். நீங்கள் போனில் எடுக்கிற படம், உங்கள் கம்பெனிக் கணக்கு, எல்லாம் அங்கேதான் போய் உட்காருகிறது. ஒரு மிஷின் படுத்துவிட்டால் அதில் இருப்பதெல்லாம் போய்விடக் கூடாதே. அதனால் எதையும் இரண்டு மூன்று மிஷினில் பிரித்து வைத்து, எது எங்கே இருக்கிறது, எது பழுது, எது சும்மா நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். அதைத்தான் இவர் எழுதினார். பெயர் அட்டாலி. நீங்கள் பரண் என்பீர்கள், எங்கள் பக்கம் அட்டாலி. சாமானை ஏற்றி வைத்துவிட்டு மறந்துவிடுகிற இடம். பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.

எழுதினாரே, விற்றாரா? இல்லை. ஓப்பன் சோர்ஸாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம். உலகம் முழுக்க இருந்து அனுப்புகிறார்கள். அதாவது வாசலைத் திறந்து போட்டுவிட்டு, போகிற வருகிறவர்கள் எல்லாரும் சமையல்கட்டுக்குள் வந்து கரண்டி பிடிக்கலாம் என்பது மாதிரி. கேட்டபோதே எனக்கு உடம்பு கூசியது. ஒரு அடுப்புக்கு ஒரு கைதான் தம்பி. இந்த வீட்டில் முப்பது வருஷமாக என் உப்பு டப்பாவை இன்னொருத்தர் தொட்டதில்லை. அதனால்தான் உப்பு சரியாக இருக்கிறது.

அஜிதாவும் அப்படித்தான். வந்த முதல் வாரம், "அத்தே, நான் ஏதாச்சும் செய்யட்டுமா?" என்று சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். "உனக்கெதுக்கும்மா இந்தப் புகை? ஆபீஸ் வேலையைப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். எந்த மாமியார் இப்படிச் சொல்வாள், சொல்லுங்கள். மார்த்தாண்டத்துப் பெண். அவள் அம்மா ஒரு இரும்பு ஆப்பச்சட்டி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். துணியில் சுற்றி, சணல் கட்டி, அதை அப்படியே அட்டாலியில் ஏற்றி வைத்துவிட்டேன். கட்டுக்கூட அவிழ்க்கவில்லை. ஒரு வருஷமாக ஒரு தூசி படாமல் இருக்கிறது. போன வாரம் நவநீத் போனில் உங்கள் ஆபீஸோடு பேசும்போது அவளைக் கேட்டான், "கிச்சன்ல நம்ம சாமான் என்னென்ன இருக்கு?" அவள் சொன்னாள், "கிச்சன்ல என்னோடதுன்னு ஒண்ணும் இல்லை." எவ்வளவு தங்கமான பெண் பாருங்கள். எதற்கும் உரிமை கொண்டாடுவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், காரணம் அந்த ரூம். சூடு, இரைச்சல். போதாததற்கு, இவர் யாரிடமும் பேசாமல் மங்கோலியாவோடும் ஜெர்மனியோடும் பேசிக்கொண்டிருப்பது. "அந்த மிஷினையெல்லாம் எடுத்துப் போட்டு ரூமைக் காலி பண்ணுங்க, பசங்க இருப்பாங்க" என்றேன். மறுவார்த்தை பேசாமல், "பண்ணிடறேன்" என்றார். அப்புறம், "ஆனா ரூம் காரணமில்லை சாரதா" என்றார். "பின்னே என்ன?" என்றேன். சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதுவார், வீட்டில் எழுதமாட்டார்.

கடுகு போட்டுவிட்டாளா என்ன? இல்லை, அது குக்கர்.

சரி, கேளுங்கள். ஆனி கடைசியில் மருதமலைக்குப் போன இவர் மழை ஈரத்தில் படியில் சறுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தார். மாவுக்கட்டு. டைப் அடிக்க முடியாது. அட்டாலி என்ன ஆகும், யாரோ கேள்வி கேட்டிருப்பார்கள், யாரோ காத்திருப்பார்கள் என்று வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எனக்கு எரிச்சல். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணினவள். "உக்காருங்க, சொல்லுங்க, அடிக்கறேன்" என்றேன். அப்படித்தான் ஆடி முழுக்க நான் அட்டாலி நடத்த வேண்டியதாகிவிட்டது. எனக்கு இதில் ஒரு ஆர்வமும் இல்லை தம்பி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே புகார். காலையில் திறந்தால் வரிசையாக நிற்கிறது. அது ஓடவில்லை, இது ஓடவில்லை. ஒரு ஆள், மாவுக்கட்டுப் போட்ட அன்றைக்கே, "இந்த சாஃப்ட்வேர் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறான். சும்மா வாங்கிக்கொண்டு போகிறவன் கேட்கிற கேள்வியா இது? இவர் என்ன சொல்லச் சொன்னார் தெரியுமா? "தெரிவித்ததற்கு நன்றி, விரைவில் பார்க்கிறோம்." நான் அடித்தேன்: "தெரிவித்ததற்கு நன்றி. உங்கள் கேள்வியில் தயவுசெய்து என்கிற சொல் விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்து மறுபடி அனுப்பினால் விரைவில் பார்க்கிறோம்." அனுப்பினான் தம்பி. தயவுசெய்து போட்டு, வணக்கம் போட்டு. எனக்குப் பாடம் நடத்திய சிஸ்டர் பெனடிக்டா கையில் மர ஸ்கேல் இல்லாமல் இதைச் செய்ததே இல்லை. அதற்கப்புறம் புகார் பாதியாகக் குறைந்தது. இவர், "ஏன் யாரும் எழுத மாட்டேங்கறாங்க?" என்று கவலைப்பட்டார். புகார் குறைந்தால் கவலைப்படுகிற ஆளை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புகார் வரிசையில் சிலதுக்குப் பச்சையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். "முதன்முதலாக வருகிறவர்களுக்கு ஏற்றது" என்று. திறந்து பார்த்தால் எல்லாம் ஒரு நிமிஷ வேலை. உபயோகிக்கும் முறை என்று இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார் பாருங்கள், அதில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. இன்னொரு இடத்தில் மூன்றாவது படி இரண்டாவது படிக்கு முன்னால் வருகிறது. இவருக்கே தெரியும், இவரே சீட்டு ஒட்டியிருக்கிறார். மாதக்கணக்கில் கிடக்கிறது.

"அழுக்கு எங்க இருக்குன்னு தெரிஞ்சும் துடைக்காம சீட்டு ஒட்டி வெச்சிருக்கீங்களே, ஏன்?" என்றேன்.

"அது புதுசா வர்றவங்களுக்கு" என்றார்.

"விருந்தாளி வந்து கழுவட்டும்னு யாராச்சும் பாத்திரத்தைத் தொட்டியில போட்டு வைப்பாங்களா?"

"விருந்தாளிக்கு இல்லை சாரதா. இங்கயே இருக்கப் போறவங்களுக்கு. மொதல்ல தொடறதுக்கு ஒரு சின்ன வேலை இல்லைன்னா அவங்க எப்படி உள்ளே வருவாங்க?"

"கதவு வழியா" என்றேன்.

ஹாலில் உட்கார்ந்திருந்த அஜிதா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்தாள். பாவம், நாள் முழுக்க மாட்டியிருந்தால் காது வலிக்காதா?

மறுநாள் மத்தியானம் இவர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினார். எனக்கு வேலை இல்லை. பச்சைச் சீட்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். இங்கிலீஷ்தானே, எனக்குத் தெரியாத இங்கிலீஷா? வாக்கியத்தை முடித்தேன், படிகளை வரிசைப்படுத்தினேன், கமா போட்டேன், வேண்டாத கமாவை எடுத்தேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு தம்பி, ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் சேர்க்க வேண்டும். வீட்டில் இவர் தூங்குகிறார், வேறு யார் பார்ப்பது? நானே எழுதினேன், நானே பார்த்தேன், நானே சரி என்று சேர்த்தேன். சமையல்கட்டில் எப்படியோ அப்படி. காபி நேரத்துக்குள் ஒரு சீட்டு பாக்கியில்லை. கழுவிக் கவிழ்த்த மாதிரி இருந்தது. இவர் எழுந்து வந்தார். "வந்து பாருங்க" என்றேன்.

பார்த்தார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என்று நினைத்தேன். "ஓயுனா எழுதிட்டிருந்தாளே" என்றார்.

யார் ஓயுனா? மங்கோலியாவில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிற பெண்ணாம். அந்தப் படி மாறின பக்கத்தைத் தானே எழுதுவதாகச் சொல்லி வாரக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள். இங்கிலீஷ் தடுமாற்றம், அகராதி பார்த்துப் பார்த்து எழுதுகிறாள். இவரும் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார். என்னிடம் யார் சொன்னது? மறுநாள் காலையில் அவளிடமிருந்து இரண்டு வரி வந்தது. "நான் கிட்டத்தட்ட முடித்துவிட்டேன். பரவாயில்லை, இப்போது எல்லாம் சுத்தமாக இருக்கிறது, நான் தேவையில்லை. நன்றி." அவ்வளவுதான். தன் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இவர் கோபப்படவில்லை. கோபப்பட்டால் பதில் சொல்லலாம். காபியை ஆற விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் நின்றார்.

"கை வலிக்குதா?" என்றேன்.

"கை வலிக்கலை" என்றார்.

அப்போது அஜிதா வந்து திரையில் அந்த இரண்டு வரியைப் படித்தாள். திரும்பத் திரும்பப் படித்தாள். "பாவம் அத்தே" என்றாள். "நம்மளும் ஒரு ஆளுன்னு நினைச்சு வந்திருப்பாங்க. வந்து பார்த்தா எல்லாம் துடைச்சு வெச்சிருக்கு. அப்புறம் எங்க உக்கார்றது?" ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எவ்வளவு இளகின மனசு பாருங்கள், முன்னே பின்னே பார்க்காத மங்கோலியாக்காரிக்காக. நவநீத் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. அன்றைக்கு நான் வைத்த ரசம் அப்படியே இருந்தது.

நான் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. திருத்தம் சரியான திருத்தம். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் சாப்பிடாமல் இருந்தால் அதை யாராவது சரிபண்ண வேண்டும். இவரிடம் கேட்டேன், "சேர்த்ததை எடுக்க முடியுமா?" முடியும் என்றார். எதைச் செய்தாலும் அதற்கு முந்தின நிலைக்குத் திரும்பிப் போக அதில் வழி இருக்கிறது. வீட்டில்தான் இல்லை. "எடுங்க" என்றேன். "எதை?" என்றார். "அந்தப் பொண்ணு எழுதிட்டிருந்த பக்கத்துல நான் சேர்த்ததை மட்டும். பழையபடி தப்பாவே இருக்கட்டும்."

அவரால் ஒரு கையால் ஆகவில்லை. நானே உட்கார்ந்தேன். மூன்றாவது படியைத் தூக்கி இரண்டாவதுக்கு முன்னால் வைத்தேன். முடித்த வாக்கியத்தை மறுபடி பாதியில் வெட்டினேன். என் கையால், தெரிந்தே, தப்பான இங்கிலீஷ். சிஸ்டர் பெனடிக்டா பார்த்திருந்தால் மர ஸ்கேலைத் தேடியிருப்பார்கள். பச்சைச் சீட்டையும் திரும்ப ஒட்டினேன். இவர் பின்னால் நின்று சிரித்தார். மாவுக்கட்டுப் போட்டதிலிருந்து முதல் தடவை. "உலகத்திலயே தப்பைத் தேடிப் பிடிச்சுத் திரும்ப வெச்ச ஆளு நீதான்" என்றார். சிரித்துக்கொண்டே இருமினார். அந்தச் சத்தத்துக்கு அஜிதா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

ஓயுனாவுக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். இவர் வழக்கம்போல நீளமாக ஆரம்பித்தார், நான் வெட்டிவிட்டு அடித்தேன்: "அந்தப் பக்கம் இன்னும் தப்பாகத்தான் இருக்கிறது. உங்களுக்காக வைத்திருக்கிறோம்."

வந்தாள் தம்பி. ஒரு வாரம் கழித்து வந்தாள். பக்கத்தை அனுப்பினாள். நான் படித்தேன். விஷயம் சரி, படி சரி. ஆனால் இங்கிலீஷ்! ஒரு பத்தியில் ஏழெட்டு இடம் எனக்குக் கை துடித்தது. "சொல்லுங்க, அடிக்கறேன், மொத்தத்தையும் சொல்லிடலாம்" என்றேன். இவர் ஒரே ஒரு தப்பைத்தான் சொன்னார், இருந்ததிலேயே பெரியதை. "மத்தது?" என்றேன். "மொதல் தடவை வர்றவங்களுக்கு மொதல்ல நன்றி. அப்புறம் ஒரே ஒரு திருத்தம். மத்ததை நாம முழுங்கிக்கணும். அடுத்த தடவை வருவாங்கல்ல, அப்பச் சொல்லிக்கலாம்" என்றார். "வரலைன்னா?" என்றேன். "எல்லாத்தையும் சொன்னா நிச்சயமா வரமாட்டாங்க" என்றார்.

நான் அந்த ஏழெட்டையும் முழுங்கினேன். அஜீரணம்தான். இப்போது ஓயுனா வாரம் ஒன்று அனுப்புகிறாள். என்னை மேடம் என்று எழுதுகிறாள். நேற்று அவளே வேறு யாருக்கோ பதில் எழுதியிருக்கிறாள், "தயவுசெய்து என்பது விடுபட்டிருக்கிறது" என்று. நல்ல பிள்ளை, முன்னுக்கு வருவாள்.

ஆ, காபி. வாம்மா அஜிதா. இவர்தான் ஜோதிவேல், நவநீத் வரச் சொன்னவர். கொடு. ம்ம். நன்றிம்மா. நன்றாக இருக்கிறது. ஒன்றே ஒன்று, அடுத்த தடவை டம்ளரைக் கொஞ்சம் சூடு பண்ணிக்கோ. ம்? வேறு ஒன்றுமில்லை. போ, நீ பார்.

போய்விட்டாளா? தம்பி, இது இரண்டாம் டிகாக்‌ஷன். பால் அடிப்பிடித்த வாசனை வருகிறது. சர்க்கரை இரண்டு பேருக்குப் போடுகிறது ஒருத்தருக்கு. சொன்னேனா? சொல்லவில்லை. எனக்கு பிபி இருக்கிறது, பேசினால் ஏறும், அதனால்தான். அந்த மங்கோலியா விஷயத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நேற்றும் அப்படித்தான். பச்சரிசியை ஊறப்போட்டேன், போட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டேன். அரைக்க மறந்துவிட்டேன். முப்பது வருஷத்தில் நான் ஊறப்போட்டதை அரைக்க மறந்ததே இல்லை. வயசாகிறது. பச்சரிசி எதற்கு ஊறவைத்தேன் என்கிறீர்களா? எதற்கோ வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் மாவு அரைத்து மூடி வைத்திருக்கிறது, தேங்காய் வாசனையோடு. கிரைண்டரைத் துடைத்தது சரியில்லை. விளிம்பெல்லாம் மாவு. ராத்திரி அவள் கேட்டாள், "அத்தே, காலையில ஆப்பம் சுடட்டுமா?" நான் டிவியைப் பார்த்துக்கொண்டே, "சுடேன், எனக்கு எழுந்திரிக்க முடியும்னு தோணலை" என்றேன். அதான் இவ்வளவு சத்தம்.

என்னம்மா அஜிதா? ஸ்டூல் எதுக்கு? சட்டியா? அது மேலே... இறங்கு, இறங்கு, அந்த ஸ்டூல் ஆடும். தம்பி, நீங்கள் உயரமாக இருக்கிறீர்கள், தினமும் சாமான் ஏற்றி இறக்குகிற ஆள். அதோ, சமையல்கட்டு வாசலுக்கு மேலே அட்டாலி. வலது பக்கம், பித்தளை அண்டாவுக்குப் பின்னால். சணல் கட்டினது. அதேதான். பார்த்து, கனம். இரும்பு.

அவளிடமே கொடுங்கள். நான் அவிழ்க்கவில்லை. அவளே அவிழ்க்கட்டும்.

உட்காருங்கள். என்ன எழுதுகிறீர்கள்? ஆப்பச்சட்டி ஒன்று என்றா? அடித்துவிடுங்கள் அதை. கண்ணெதிரே அடுப்புக்குப் போகிற சட்டியை யாராவது சாமான் கணக்கில் எழுதுவார்களா? நாளைக்கு அவள் தோசைக்கல்லைத் தொடுவாள், நாளை மறுநாள் உப்பு டப்பா. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தால் உங்கள் லாரி எப்போது கிளம்புவது? ஆவணியில் நாளுக்கா பஞ்சம், நவநீத் வந்து சொல்லட்டும், அவசரப்படாதீர்கள். அதோ கேட் சத்தம், தேங்காயோடு வந்துவிட்டான் போல. அவனும் அந்தப் பக்கமாகவே சமையல்கட்டுக்குப் போகிறான் பாருங்கள். ஆப்பம் என்றதும் ஆபீஸ் தூரமெல்லாம் மறந்துவிடும்.

இந்த வாசனை... முட்டை. சனிக்கிழமையும் அதுவுமாக என் அடுப்பில் முட்டை. புதுச் சட்டியைப் பழக்குவதற்கு அவர்கள் ஊரில் முதலில் முட்டை வறுப்பார்களாம், சொல்லியிருக்கிறாள். நாங்கள் வெங்காயம் வைத்துத் தேய்ப்போம். வெங்காயம் அங்கேயே, அவள் முழங்கைக்குப் பக்கத்தில், கூடையில் இருக்கிறது.

ரூம் கதவு திறக்கிறது பாருங்கள். இவரும் வாசனை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எதற்குச் சிரிக்கிறீர்கள்? நான் ஒன்றும் சொல்லவில்லையே.

நீங்கள் எங்கே கிளம்புகிறீர்கள் தம்பி? காபி முடிந்துவிட்டால் என்ன, ஆப்பம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். முதல் ஆப்பம் நிச்சயம் ஒட்டும், இரண்டாவதும் ஒட்டும், மூன்றாவது உங்களுக்கு. உட்காருங்கள் என்கிறேனே. நீங்கள் எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன்.